அண்ணன் சீராக அனுப்பிய மதர்போர்ட்

நாவுல
2025 பெப்ரவரி 3

அண்ணன் மோகனராஜுக்கு,

இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுகிறேன். சுகம் விசாரிக்க எழுதவில்லை. ஒரு விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது, அதைக் கேட்க உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. தயவுசெய்து எனக்குப் போன் எடுக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வாசலில் "இனிமே உங்க குரல் என் காதுல விழக்கூடாது" என்று நான் சொன்னது அப்படியேதான் இருக்கிறது. இதை மாத்தளை பஸ் கொண்டக்டர் கிஷாந்திடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கடைச் சாமான் பெட்டிகளை அவர்தான் ஏற்றி இறக்குகிறாராம். பதிலையும் அவரிடமே கொடுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை விழுந்த இடியில் இவருடைய கம்பியூட்டரின் மதர்போர்ட் எரிந்துவிட்டது. மற்றதெல்லாம் தப்பியது என்று இங்கே ரிப்பேர் கடையில் பார்த்துச் சொன்னார்கள்.

இவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று நீங்கள் வந்து பார்த்ததில்லை, அதனால் எழுதுகிறேன். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது. தொண்டையில் குழாய் போட்டிருப்பதால் சத்தமும் வராது. கன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்விட்ச் பொருத்தியிருக்கிறோம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஓடும், வேண்டிய எழுத்து வந்ததும் கன்னத்தால் தட்டுவார். வசனம் முடிந்ததும் ஸ்பீக்கர் வாசிக்கும். கன்னத்தை அழுத்திப் பிடித்தால் மணி அடிக்கும். குழாயில் சளி அடைத்தால் அந்த மணிதான். நான் விதைக் கடைக்கு வேலைக்குப் போன நேரத்தில் பக்கத்து வீட்டு நோனா மணியைக் கேட்டு ஓடி வந்து, கைப்பம்பால் சளியை உறிஞ்சி எடுப்பார். ஆஸ்பத்திரியில் எங்கள் இரண்டு பேருக்கும் பழக்கிவிட்டார்கள்.

ஆறு நாளாக இவருக்குப் பேச்சும் இல்லை, மணியும் இல்லை. நான் லீவு போட்டுவிட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறேன். முதலாளி வெள்ளிக்கிழமை வரைதான் பொறுப்பேன் என்கிறார்.

இங்கே ஒரு கடையில் சீனத்து மதர்போர்ட் ஒன்று காட்டினார்கள். பெட்டியில் பெயர்கூடச் சரியாக இல்லை. விலை குறைவு. புதுசு என்கிறார்கள். நல்ல கம்பெனி போர்ட் அதைப்போல மூன்று மடங்கு விலை, அதற்கும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமாம். அந்த மலிவுப் போர்டை வாங்கலாமா, கூடாதா? இந்த ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

சிவநந்தினி


மாத்தளை
2025 பெப்ரவரி 5

தங்கச்சி நந்தினிக்கு,

கிஷாந்த் உன் கடிதத்தை நீட்டியபோது யாரோ கஸ்டமரின் பில் என்று நினைத்து லாச்சிக்குள் போட்டுவிட்டேன். பின்னேரம்தான் எழுத்தைப் பார்த்தேன். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வாங்கலாமா, கூடாதா. இந்தக் கேள்வியை ஒரு நாளைக்கு ஐந்து பேர் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். அந்தப் போர்டெல்லாம் பாதிப் புதுசு. பலகை புதுசு, மேலே இருக்கிற பெரிய சிப் பழைய போர்டிலிருந்து கழற்றி ஒட்டினது. கேம் விளையாடுகிற பெடியன் வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். கடிதம் டைப் பண்ணுகிற ஆளுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் எவன் கேட்கிறான்? டைப் அடிக்கிற வேலைக்குப் போர்டில் கலர் லைட் எரிய வேண்டும் என்கிறான். விற்கிறவனும் தலையாட்டிக்கொண்டு இரண்டு மடங்கு வாங்குகிறான். பிரதீபன் நம் கடையில் இருந்த காலத்தில் இப்படி வருகிறவர்களை என்ன பாடு படுத்துவான் என்று உனக்கே தெரியும்.

நீ அங்கே வாங்க வேண்டாம். அதே ரகம் என்னிடம் இருக்கிறது. டெஸ்ட் பண்ணிப் பெட்டியில் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். காசு அனுப்பினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். அப்பா அம்மா போன பிறகு உனக்குப் பிறந்த வீடு என்றால் நான்தான். இரண்டு வருஷமாகப் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என் கையிலிருந்து ஒன்றும் வரவில்லை. இதை என் சீர் என்று நினைத்து வாங்கிக்கொள்.

மாட்டுவதற்கு ஆள் தேட வேண்டாம். பிரதீபனுக்கு முன்னால் வைத்து நீயே மாட்டு. பிழை விட்டால் அவன் கண்ணாலேயே திட்டுவான்.

அன்றைக்கு நடந்ததைப் பற்றி இதில் எழுத எனக்குத் தைரியம் இல்லை.

அண்ணன்
மோகனராஜ்


நாவுல
2025 பெப்ரவரி 9

அண்ணனுக்கு,

பெட்டி உடையாமல் வந்தது. காசு கொடுத்து வாங்குவதாகத்தான் இருந்தேன். சீர் என்று எழுதிவிட்டீர்கள். பெட்டியைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் பிரித்தேன்.

மாட்ட நான்கு மணித்தியாலம் பிடித்தது. போர்டை இவர் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். பின்பக்கம் திருப்பச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். பிறகு கண்ணை மூடித் திறந்தார், மாட்டு என்று அர்த்தம். ஒரு திருகாணியைத் தப்பான ஓட்டையில் போட்டதற்கு நீங்கள் சொன்ன மாதிரியே கண்ணால் திட்டினார்.

கம்பியூட்டர் ஏறி ஸ்பீக்கர் பேசத் தொடங்கியதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்து நாளுக்குப் பிறகு இவர் சொன்ன முதல் வார்த்தை, ஃபேன் இறக்கையில் தூசி இருக்கிறதாம், துடைக்க வேண்டுமாம். போர்ட் நல்லதா என்று கேட்டேன். "அண்ணன் குடுத்தது. அது போதும்" என்று எழுதினார். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

நான் நாளையிலிருந்து வேலைக்குப் போகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். நேற்று அரை மணித்தியாலம் கரன்ட் போய் வந்தது. யூ.பி.எஸ். பழசு, ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. கரன்ட் வந்ததும் கம்பியூட்டர் தானாக ஏறியது, ஆனால் கறுப்புத் திரையில் எஃப் வன் பட்டனை அழுத்தச் சொல்லி நின்றுவிட்டது. அழுத்திய பிறகுதான் மேலே போனது. இது ஏன்?

நந்தினி


மாத்தளை
2025 பெப்ரவரி 14

அன்புத் தங்கச்சிக்கு,

ஃபேன் தூசியைப் பற்றிச் சொன்னான் என்று வாசித்துவிட்டுக் கடைக்குள்ளேயே சத்தமாகச் சிரித்துவிட்டேன். கஸ்டமர் ஒருவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இங்கேயும் அவன் அப்படித்தான். கேஸைத் திறந்தால் முதலில் தூசியைத் தட்டிவிட்டுத்தான் மற்ற வேலை.

எஃப் வன் பெரிய விஷயமே இல்லை. போர்டில் காசு அளவில் வட்டமாக ஒரு பெட்டரி இருக்கும். கரன்ட் இல்லாத நேரத்தில் போர்டுக்கு நேரத்தையும் செட்டிங்கையும் ஞாபகம் வைத்துக் கொடுப்பது அதுதான். அது இறங்கிப்போனால் போர்ட் எல்லாவற்றையும் மறந்துவிட்டு உன்னைக் கேட்கும். புதுப் பெட்டரி இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். பழையதை நகத்தால் நெம்பினால் வந்துவிடும். அதுவரைக்கும் ஒரு பட்டனை அழுத்துவதில் ஒன்றும் குறைந்துபோகாது.

அவனுக்கு என்ன சாப்பாடு கொடுக்கிறாய்? குழாயில்தானா? நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவாயா? கேட்டுத்தான் பார்க்கிறேன்.

அண்ணன்


நாவுல
2025 மார்ச் 17

அண்ணனுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. விதைக்கிற காலம், கடையில் மூச்சு விட நேரமில்லை.

நீங்கள் அனுப்பிய பெட்டரி இரண்டும் இறங்கிவிட்டன. ஒன்று பத்து நாள், மற்றது இரண்டு கிழமை. நானும் இங்கே ஒன்று வாங்கிப் போட்டேன், அதுவும் போய்விட்டது. இப்போது கரன்ட் போய் வந்தால் ஒவ்வொரு தரமும் எஃப் வன்னில் நிற்கிறது. இந்தப் பக்கம் காற்று அடித்தாலே கரன்ட் போகும். அப்படி நிற்கிற நேரத்தில் கன்னத்து ஸ்விட்ச் வேலை செய்யாது, மணியும் அடிக்காது.

நோனாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. அந்தப் பட்டனுக்கு என் சிவப்பு நகப்பூச்சைப் பூசி, கரன்ட் வந்ததும் வந்து இதை அழுத்துங்கள் என்று சிங்களத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். பாவம், சமையலை விட்டுவிட்டு ஓடி வந்து அழுத்திவிட்டுப் போகிறார். இதுவரைக்கும் ஒரு தரமும் பிசகவில்லை.

இதைக் குறையாகச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிறந்த வீட்டுச் சீரில் குறை சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. வேறு போர்ட் ஒன்று பார்ப்போமா என்று இவரிடம் கேட்டேன். "வேணாம். அவருக்குத் தெரிஞ்சா மனசு விட்டுப் போயிருவாரு. இப்பத்தான் எழுதுறாரு" என்றார். அதையும் உங்களுக்கு எழுத வேண்டாம் என்று சொன்னவர்தான். எழுதிவிட்டேன்.

சித்திரை வருஷப் பிறப்புக்கு உங்களை வரச் சொல்கிறார். நான் எதிர்த்துச் சொல்லவில்லை.

நந்தினி


மாத்தளை
2025 மார்ச் 24

அன்புத் தங்கச்சிக்கு,

வரச் சொன்னது உன் எழுத்தில் இருப்பதால் கடிதத்தைப் பர்ஸுக்குள் வைத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். கடையில் ஒரு நல்ல கம்பெனி போர்ட் இருக்கிறது, அதைப் பிரதீபனுக்கென்று எடுத்து ஒதுக்கிவிட்டேன். யூ.பி.எஸ்ஸுக்குப் புதுப் பெட்டரியும் கொண்டு வருவேன். நானே மாட்டிக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன். கிஷாந்திடம் கொடுத்து விடலாம்தான். ஆனால் வெறுங்கையோடு அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது, கையில் ஏதாவது வேலை இருந்தால் தலையைக் குனிந்துகொண்டே பேசிவிடுவேன். இன்னும் மூன்று கிழமைதானே. அதுவரைக்கும் நோனா அந்தச் சிவப்புப் பட்டனைப் பார்த்துக்கொள்வார்.

அன்றைக்குக் கலேவெல அரிசி மில் கூரையில் நடந்ததை இப்போது எழுதிவிடுகிறேன், நேரில் வாய் வராது. மழை விட்டதும் கமராவை மாட்டுகிறேன் என்று அவன் போன் பண்ணினான். நான் இங்கே கடையில் கதிரையில் உட்கார்ந்துகொண்டு, தூறல்தானே, முடித்துவிட்டு வந்துவிடு என்றேன். அவன் வழுக்கினான் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். நான் ஏறச் சொன்னதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உனக்கு அது தெரியும் என்று ஆஸ்பத்திரியிலேயே உன் முகத்தில் கண்டேன்.

பதினான்காம் தேதி சந்திப்போம்.

அண்ணன்


மாத்தளை
2025 ஏப்ரல் 15

நந்தினி,

பிரதீபனின் இறுதிச் சடங்கு முடிந்து ஐந்து நாளாகிறது. செத்த வீட்டில் நீ என் பக்கம் திரும்பவில்லை. நான் கொண்டுவந்த கோடிச் சேலையை வேறொரு பெண் உனக்காக வாங்கி வைத்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. வருஷப் பிறப்புக்கென்று எடுத்துவைத்த போர்டையும் அவசரத்தில் பையோடு தூக்கி வந்திருக்கிறேன். உன் வாசலில் நின்றபோதுதான் அது கையில் இருப்பதைக் கண்டேன்.

எல்லோரும் சளி அடைத்துப் போய்விட்டது என்று மட்டும் சொன்னார்கள். அன்று காலை கரன்ட் போய் வந்ததாகக் கூட்டத்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து என்னால் சாப்பிட முடியவில்லை. கம்பியூட்டர் எந்த நிலையில் இருந்தது? எஃப் வன்னில் நின்றதா? நீ எனக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ சொல்வதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தையில் அந்தப் போர்டில் பன்னிரண்டு இறக்கினேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே இரண்டு திரும்பி வந்துவிட்டன. இரண்டிலும் ஒரே குறை, பெட்டரியைக் குடிக்கிறது. எத்தனை பெட்டரி மாற்றினாலும் நிற்காது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துகொண்டுதான் உனக்குப் பெட்டரி அனுப்பினேன்.

முதல் பெட்டியை உனக்கு அனுப்பிய அன்றைக்கு நல்ல போர்டும் கண்ணாடி அலுமாரியில் இருந்தது. அதில் கை வைத்தேன். பிறகு, கட்டிலில் கிடக்கிறவன்தானே, எழுத்துத் தட்டுகிற வேலைதானே, இது போதும் என்று நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். அப்படித்தான் நினைத்தேன், நந்தினி. இதைவிட நல்ல மாதிரி எழுத எனக்கு வார்த்தை இல்லை.

இன்னொன்றும் மண்டையைக் குடைகிறது. வாசலில் வைக்கிற சாதாரண மணி ஒன்று, இரண்டு டோர்ச் பெட்டரி, அவன் கன்னத்து ஸ்விட்சிலிருந்து ஒரு வயர். கரன்ட்டும் வேண்டாம், கம்பியூட்டரும் வேண்டாம். நோனா வீட்டுக்குள்ளேயே அடித்திருக்கும். எனக்கு அரை மணித்தியால வேலை. நானும் அவனும் பதினைந்து வருஷம் இதே தொழிலில் இருந்தவர்கள், இரண்டு பேருமே கம்பியூட்டரை விட்டு வெளியே யோசிக்கவில்லை.

அண்ணன் என்று போட எனக்குக் கை வரவில்லை.

மோகனராஜ்


நாவுல
2025 ஏப்ரல் 25

அண்ணனுக்கு,

நேற்று பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன்.

ஆம், எஃப் வன்னில்தான் நின்றது. எட்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கரன்ட் போய், இருபது நிமிஷத்தில் வந்துவிட்டது. நோனா அன்றைக்குக் காலையே வருஷப் பிறப்புச் சாமான் வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு மணித்தியாலம்தானே என்று நானும் தலையாட்டினேன். பதினொன்றரைக்குத் திரும்பி வந்தவர் கறுப்புத் திரையைப் பார்த்ததும் பழக்கத்தில் நேரே போய்ப் பட்டனை அழுத்தியிருக்கிறார். அழுத்திவிட்டுத்தான் இவர் முகத்தைப் பார்த்தார். கன்னம் ஸ்விட்சோடு ஒட்டியபடியே இருந்ததாம். கம்பியூட்டர் ஏறி முடிந்ததும் மணி அடிக்கத் தொடங்கி, நான் ஓடி வருகிற வரைக்கும் அடித்துக்கொண்டே இருந்தது. நோனாவுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை. இன்றைக்கும் என்னைக் கண்டால் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

மணியையும் டோர்ச் பெட்டரியையும் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். எனக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அதை நான் என் பங்குக்குச் சுமந்துகொள்கிறேன்.

அந்தப் போர்ட் நல்லதில்லை என்று இவருக்குப் பார்த்தவுடனேயே தெரிந்திருக்கிறது. பின்பக்கம் திருப்பச் சொன்னார் என்று எழுதினேனே, ஒட்டு வேலையைப் பார்க்கத்தான் கேட்டிருப்பார். தெரிந்தும் மாட்டச் சொன்னார். நானும் நீங்களும் திரும்பப் பேசிக்கொள்ள வேண்டும் என்று அவருக்கு இருந்தது. எட்டாம் தேதி காலை நான் வெளிக்கிடும்போதுகூட, உங்களுக்கு நெத்தலிக் கருவாடு பிடிக்கும், பதினான்காம் தேதிக்கு வாங்கி வைக்கச் சொன்னார். அதுதான் கடைசி.

பன்னிரண்டில் இரண்டு திரும்பி வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டு பேரும் காசு கொடுத்து வாங்கியவர்கள். குறை கண்டதும் கடைக்கு வந்து உங்கள் மேசையில் போர்டைப் போட்டுச் சண்டை பிடித்திருப்பார்கள், நீங்களும் மாற்றிக் கொடுத்திருப்பீர்கள். நானும் காசு கொடுத்திருந்தால் அதைத்தான் செய்திருப்பேன். முதல் பெட்டரி இறங்கிய அன்றைக்கே கிஷாந்திடம் கொடுத்துத் திருப்பி அனுப்பியிருப்பேன். இனாமாகக் கொடுத்தீர்கள். அதுவும் சீர் என்று சொல்லிக் கொடுத்தீர்கள். பிறந்த வீட்டிலிருந்து வந்ததைத் திருப்பி அனுப்புகிறவள் அந்த வீட்டோடு உறவை முறித்துக்கொள்கிறவள் என்று நமக்குச் சொல்லித்தானே வளர்த்தார்கள். அந்த உறவுக்குப் பயந்துதான் பட்டனுக்கு நகப்பூச்சுப் பூசினேன். போர்டை மாற்றவில்லை.

மில் கூரையைப் பற்றி நீங்கள் எழுதியதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். மன்னித்துவிட்டதாக உங்களுக்கு எழுதச் சொன்னார். நீங்கள் வரும்போது நேரில் சொல்லட்டும் என்று நான்தான் எழுதாமல் வைத்திருந்தேன். இப்போது எழுதிவிட்டேன். அது அவருடைய மன்னிப்பு. என்னிடம் அது இல்லை.

கம்பியூட்டரில் இவர் எழுதியதையெல்லாம் வேறு டிஸ்க்கில் மாற்றி எடுத்துவிட்டேன். போர்டை நானே கழற்றினேன். இத்துடன் கிஷாந்திடம் கொடுத்து அனுப்புகிறேன். திருப்பி அனுப்பினால் என்ன அர்த்தம் என்று தெரிந்துதான் அனுப்புகிறேன். கோடிச் சேலையும் அதே பெட்டியில் இருக்கிறது. மிச்சப் போர்டுகளை யாருக்கும் விற்க வேண்டாம்.

பெட்டி கிடைத்தது என்று கிஷாந்திடம் வாயால் சொல்லிவிட்டால் போதும். எழுத வேண்டாம்.

சிவநந்தினி